பயிர் சூல் கொள்ளும் காலம்



இன்றைய பேச்சு நெற்பூவைப் பற்றியது.

நெல்லைத் தெரியாதவர் யாரும் இல்லை. நாற்று விடுவது தெரியும். களை எடுப்பது தெரியும். அறுப்பு, தூற்றல் எல்லாம் தெரியும். ஆனால் நெற்பூவை நின்று பார்த்தவர்கள் குறைவு. மல்லிகையைப் போல அதற்கு மணம் இல்லை. தாமரையைப் போல நிறம் இல்லை. அது திறந்திருப்பதும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

ஆனாலும் அந்தச் சின்னப் பூ சரியாக அமைந்தால்தான் நெல்மணி உண்டு. அமையாவிட்டால் பதர்தான்.

பயிர் பச்சைப் பசேல் என்று வளரும். கதிரும் வெளியே வரும். களத்தில் தூற்றும்போது பாதி காற்றோடு போய்விடும். "உரம் போட்டோமே, பூச்சி மருந்தும் அடித்தோமே, என்ன குறை?" என்று வீட்டில் கேட்பார்கள். "கண் பட்டுவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். பதருக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று, கதிர் வெளியே வருவதற்கு முன்பே தண்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அது என்ன என்று பார்ப்போம்.

சூல் என்ற சொல்

கதிர் வெளிவரும் முன் நெல்லின் தண்டு பருத்து நிற்கும். அதைப் பார்த்து, "பயிர் சூல் கொண்டிருக்கிறது" என்பார்கள். "கதிர் தொண்டையில் இருக்கிறது" என்றும் சொல்வார்கள். வேளாண் துறையினர் இதைப் பொதிப் பருவம் என்கிறார்கள்.

சூல் என்றால் கர்ப்பம். நம் முன்னோர் நல்ல பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெண் கருவுற்றிருக்கும் காலத்தில் அவளுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும் அல்லவா? பயிருக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தண்டு பருத்திருக்கும்போது உள்ளே கரு உண்டாகிவிடவில்லை. கரு உண்டாவதற்கு வேண்டிய ஆண் செல்லும் பெண் செல்லும் அப்போதுதான் உருவாகின்றன.

செல் என்றால் என்ன? வீடு செங்கல்லால் ஆனது. அதுபோல உயிருள்ள எல்லாம் செல்களால் ஆனவை. நெற்பயிரும் அப்படித்தான். மனிதரும் அப்படித்தான். பெரும்பாலான செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. உருப்பெருக்கிக் கருவியில்தான் தெரியும்.

பூவில் ஆணும் பெண்ணும்

முதலில் பூசணிக் கொடியைப் பாருங்கள். அதில் இரண்டு வகைப் பூக்கள் இருக்கும். ஒரு வகைப் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். அது பெண் பூ. இன்னொரு வகையில் பிஞ்சு இருக்காது. நீளமான காம்பு மட்டும் இருக்கும். அது ஆண் பூ. ஆண் பூவின் நடுவில் விரல் வைத்தால் மஞ்சள் தூள் ஒட்டும். அதுதான் மகரந்தத் தூள்.

நெல்லில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கின்றன. ஒரு நெல்மணியின் உமிக்குள் ஒரு பூ. அதில் 6 சின்னப் பைகள் மெல்லிய காம்புகளில் தொங்கும். இவை மகரந்தப் பைகள். ஆண் பாகம் இதுதான். நடுவில் ஒரு சூற்பை இருக்கும். அதன் மேல் இறகைப் போல இரண்டு சூல்முடிகள் இருக்கும். பெண் பாகம் இதுதான். சூற்பைக்குள் ஒரே ஒரு சூல் இருக்கும். அந்த ஒரு சூல்தான் பிறகு விதையாகிறது. ஒரு பூவுக்கு ஒரு நெல் என்பது அதனால்தான்.

அரைப்படிக் கணக்கு

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் போன்ற சில பொருள்கள் இருக்கின்றன. இவற்றுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். பயிர் உயரமாக வளர வேண்டுமா, குட்டையாக வளர வேண்டுமா? அரிசி சன்னமா, மோட்டாவா? இந்தச் செய்திகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

நெல்லின் ஒரு செல்லில் 24 குரோமோசோம்கள் உண்டு. அவை 12 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தை வழி. மற்றொன்று தாய் வழி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆண் செல்லில் 24, பெண் செல்லில் 24 என்று இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்தால் பிள்ளைப் பயிரில் 48 ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் 96 ஆகும். அதற்கு அடுத்ததில் 192. இப்படியே போனால் பயிர் பிழைக்குமா?

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு படி அரிசி வேண்டும் என்றால் ஆளுக்கு அரைப்படி கொண்டு வந்தால் போதும் அல்லவா? அதுபோல ஆண் செல் 12 கொண்டு வருகிறது. பெண் செல் 12 கொண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் 24.

24ஐ 12 ஆக்கும் வேலைக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். குன்றல் என்றால் குறைதல். உடம்பு வளரும்போது செல்கள் 24 என்ற கணக்கு மாறாமல் பிரியும். பூவுக்குள் மட்டும் சில செல்கள் இப்படிப் பாதியாகப் பிரியும்.

பிரிவதற்கு முன் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து படுத்துக் கொள்கிறது. தங்களுக்குள் சில துண்டுகளை மாற்றிக் கொள்கிறது. பிறகுதான் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று போகின்றன. எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி இல்லை. சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவது போலத்தான். 12 ஜோடி என்றால் 4,096 விதமாகப் பிரிய வழி உண்டு. 2ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள். இந்த விடைதான் வரும்.

இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் விதை வாங்கும் பேச்சு வரும்போது இது உதவும்.

ஆண் செல் வளரும் விதம்

இளம் மகரந்தப் பைக்குள் தாய்ச் செல்கள் நிறைய இருக்கும். ஒவ்வொரு தாய்ச் செல்லும் குன்றல் பகுப்பால் 4 ஆகப் பிரியும். நான்கும் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத் தூளாக வளரும்.

அந்தத் தூளுக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? பையின் உள் சுவரில் ஓர் அடுக்குச் செல்கள் உண்டு. அவைதான் ஊட்டி வளர்க்கின்றன. கோழிக் குஞ்சுக்கு முட்டைக்குள் மஞ்சள் கரு இருப்பது போல இளம் தூளுக்கு அந்தச் சுவர். தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிட்டு அந்தச் சுவர் கரைந்துபோகிறது.

நன்றாக வளர்ந்த தூளுக்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அயோடின் கரைசலில் போட்டால் நல்ல தூள் கருமையாகும். வளராத தூள் வெளுத்தே இருக்கும். ஆய்வு நிலையங்களில் தூள் நல்லதா கெட்டதா என்று இப்படிப் பார்க்கிறார்கள்.

தூள் வளரும்போதே அதற்குள் இருக்கும் செல் மறுபடியும் பிரிகிறது. ஒரு பெரிய செல்லும் இரண்டு ஆண் செல்களும் உண்டாகின்றன. பெரிய செல்தான் வாகனம். இரண்டு ஆண் செல்களும் அதில் ஏறிப் போகிற பயணிகள்.

பெண் செல் வளரும் விதம்

சூலுக்குள் ஒரே ஒரு தாய்ச் செல்தான் இருக்கும். அதுவும் குன்றல் பகுப்பால் 4 ஆகப் பிரியும். நான்கும் ஏணிப்படி போல வரிசையாக நிற்கும். ஆனால் இங்கே நான்கும் பிழைப்பதில்லை. மூன்று செல்கள் அழிந்துவிடும். ஒன்று மட்டும் நிற்கும். இடமும் உணவும் அந்த ஒன்றுக்கே கிடைக்கும்.

அந்தச் செல் பெரிதாகி, அதன் நடுக்கரு மூன்று முறை பிரியும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும். இந்த எட்டில் இரண்டு முக்கிய இடங்களை மட்டும் தெரிந்து கொண்டால் போதும். ஒன்று, முட்டைச் செல். இரண்டாவது, நடுச்செல். நடுச்செல்லில் மட்டும் இரண்டு நடுக்கருக்கள் சேர்ந்து இருக்கும். மற்றவை துணைக்கு இருப்பவை. ஆண் செல்லுக்கு வழி காட்டும் வேலையை முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்கள் செய்கின்றன.

பூ திறக்கும் காலை

கதிர் வெளியே வந்துவிட்டது. காலை வெயில் ஏறும்போது உமி இரண்டும் மெல்லத் திறக்கும். மகரந்தப் பைகள் வெளியே நீண்டு தூளைக் கொட்டும். நெல்லில் பெரும்பாலும் ஒரு பூவின் தூள் அதே பூவின் சூல்முடியில்தான் விழும். தூளுக்கு வெளியில் சில நிமிடங்களே ஆயுள்.

சூல்முடியில் விழுந்த தூள் விதை போல முளைக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே இறங்கும். குழாய் வழியாக இரண்டு ஆண் செல்களும் சூலுக்குள் போய்ச் சேரும்.

ஏன் இரண்டு? ஒன்று போதாதா? போதாது. ஓர் ஆண் செல் முட்டைச் செல்லோடு சேரும். அது கருவாகும். 12ம் 12ம் சேர்ந்து 24. இன்னோர் ஆண் செல் நடுச்செல்லோடு சேரும். அங்கே ஏற்கெனவே இரண்டு 12 இருக்கின்றன. ஆக, 36. இதுதான் கருவுக்கு உணவாகும். பூக்கும் தாவரங்களில் இப்படி இரட்டைச் சேர்க்கை நடக்கிறது என்பதை 1898ல் செர்கெய் நவாஷின் என்ற அறிஞர் கண்டுபிடித்தார்.

கதிர் பால் பிடித்திருக்கிறது என்பீர்களே, அந்தப் பால் இரண்டாவது சேர்க்கையில் பிறந்தது. பால் இறுகினால் அரிசி. அரிசியின் ஒரு நுனியில் சிறு பள்ளம் தெரியும். கரு இருந்த இடம் அது. ஆலையில் தீட்டும்போது கரு தவிட்டோடு போய்விடுகிறது. நாம் உண்பது கருவுக்காக வைத்திருந்த உணவை. தேங்காய்ப் பருப்பும் இளநீரும் கூட இதே வகைதான்.

பதர் எப்படி வருகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 10 முதல் 12 நாட்களுக்கு முன் ஆண் தாய்ச் செல்கள் பிரிகின்றன. அந்த நாட்களில் வயல் காய்ந்து வெடித்தால் என்ன ஆகும்? ஊட்டும் சுவர் சரியாக வேலை செய்யாது. தூளுக்குள் மாவுச்சத்து சேராது. தூள் செத்துப் போகும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் செத்த தூள் பிழைக்காது. கதிர் வெளியே வரும். பூவும் திறக்கும். ஆனால் சேர்க்கை நடக்காது. உமி மட்டும் நிற்கும். அதுதான் பதர்.

பெண் பாகம் கொஞ்சம் தாங்கும். ஆண் பாகம்தான் முதலில் பழுதாகிறது.

குளிரும் இதே கேட்டைச் செய்யும். காஷ்மீர் பள்ளத்தாக்கிலும் வடகிழக்கு மலைப் பகுதிகளிலும் பொதிப் பருவத்தில் கடுங்குளிர் வந்தால் பதர் கூடிவிடும். வெப்பம் கெடுப்பது பூ திறக்கும் நேரத்தில். அப்போது வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது. தூளும் முளைக்காது.

குளிரையும் வெயிலையும் நிறுத்த முடியாது. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று, நாற்று விடும் நாளை யோசித்து வைக்கலாம். பூக்கும் காலம் கடும் வெயிலிலோ கடும் குளிரிலோ வராதபடி பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டு, தண்ணீர். கடைசியாக வரும் இலைக்குக் கண்ணாடி இலை என்று பெயர். அதன் கழுத்தும் அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே உயரத்தில் நெருங்கி நிற்கும் நாட்களைக் கவனியுங்கள். ஆண் செல்கள் பிரிவது ஏறக்குறைய அந்த நாட்களில்தான். அப்போது தொடங்கிப் பூத்து முடியும் வரை வயலில் தண்ணீர் குறையக் கூடாது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊரில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, யாருடைய பயிர் பொதியில் இருக்கிறதோ அவருக்கு முதலில் விடுவது ஊருக்கே நல்லது. ஒரு வாரம் முன்பின் ஆனால் மற்றவர் பயிர் தாங்கும். பொதியில் இருக்கும் பயிர் தாங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பால் பிடித்த பிறகு தண்ணீரோ சத்தோ குறைந்தால் மணி முழுசாக நிறையாது. அது கருக்காய். கருக்காயில் சேர்க்கை நடந்திருக்கிறது. உணவுதான் போதவில்லை. பதரையும் கருக்காயையும் கையில் நசுக்கிப் பிரித்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் குறை வந்தது என்று தெரிந்துவிடும்.

வாழைக்கு ஏன் விதை இல்லை?

வாழைப்பழத்தில் விதை இல்லை. ஏன்? அரைப்படிக் கணக்கை வைத்தே பதில் சொல்லலாம்.

பயிரிடும் பெரும்பாலான வாழை ரகங்களில் குரோமோசோம்கள் 33. ஜோடி ஜோடியாக இல்லை. மூன்று மூன்றாக இருக்கின்றன. மூன்றை இரண்டு சம பங்காக்க முடியுமா? முடியாது. எனவே குன்றல் பகுப்பு ஒழுங்காக நடப்பதில்லை. நல்ல ஆண் செல்லும் பெண் செல்லும் உண்டாவதில்லை. சேர்க்கை இல்லாமலே காய் காய்த்துப் பழுக்கிறது. பழத்தின் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாமல் போன சூல்கள். அதனால்தான் வாழையைக் கன்று வைத்துப் பயிரிடுகிறோம்.

வீரிய ஒட்டு விதையை ஏன் எடுத்து வைக்க முடியாது?

வீரிய ஒட்டு நெல்லை ஒருவர் விலை கொடுத்து வாங்கி நட்டார் என்று வைத்துக் கொள்வோம். விளைச்சல் நன்றாக இருந்தது. "அடுத்த முறை ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று அதே நெல்லை விதைக்கு எடுத்து வைத்தார். மறு பயிரில் ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்று முன்னால் பூத்தது, ஒன்று பின்னால் பூத்தது. சில செடிகளில் பதர் அதிகம். விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் நினைக்கலாம். உண்மை அதுவல்ல.

வீரிய ஒட்டு என்பது இரண்டு வேறு ரகங்களின் பிள்ளை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஒரு மாதிரி, மற்றொன்று வேறு மாதிரி. பூவுக்குள் குன்றல் பகுப்பு நடக்கும்போது சீட்டுக் கட்டு கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு தூளும் ஒவ்வொரு விதம். எனவே பேரப் பயிர்கள் ஒன்றுபோல இருப்பதில்லை.

சாதாரண நெல் ரகத்தில் ஜோடி இரண்டும் ஒரே மாதிரி. கலைத்தாலும் வேறுபாடு வராது. அந்த விதையைத் தாராளமாக எடுத்து வைக்கலாம். எனவே விதை வாங்கும்போது பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வீரிய ஒட்டா, சாதாரண ரகமா என்று பாருங்கள். அடுத்த ஆண்டுக்கும் பணம் தேவையா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

டெல்லியில் பூத்த ஊமத்தை

இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. ஜெய்ப்பூரில் 1904ல் பிறந்த பஞ்சானன் மகேஸ்வரி, பூக்கும் தாவரங்களின் கரு வளர்ச்சி பற்றி 1950ல் ஒரு நூல் எழுதினார். உலகம் முழுவதும் மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

அவர் வேலை பார்த்த டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1964ல் ஒரு புதுமை நடந்தது. சிப்ரா குஹா என்ற பெண் விஞ்ஞானியும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தம் பூவின் இளம் மகரந்தப் பைகளைக் கண்ணாடிக் குழாயில் உணவு கொடுத்து வளர்த்தார்கள். சில வாரங்களில் பைக்குள்ளிருந்து குட்டிச் செடிகள் எட்டிப் பார்த்தன. அவை மகரந்தத் தூளிலிருந்தே வந்தவை. ஊமத்தைக்கும் 24 குரோமோசோம்கள்தான். இந்தக் குட்டிச் செடிகளிலோ 12 மட்டுமே. தாய் இல்லாமல், தந்தை வழி அரைப்படியோடு பிறந்த செடிகள்!

இதனால் என்ன பயன்? இத்தகைய செடியின் 12ஐ 24 ஆக்க முடியும். அதற்கு உதவும் மருந்து கோல்ச்சிசின். நம் செங்காந்தள் விதையிலும் அது இருக்கிறது. கொடிய விஷம் அது. வீட்டில் யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அப்படி இரட்டித்த செடியில் ஜோடி இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். பல தலைமுறை காத்திருந்து பெறும் ஒழுங்கு ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும். ஒடிசாவில் கட்டாக் நகரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில், வீரிய ஒட்டு நெல்லின் மகரந்தப் பையிலிருந்து, சத்யகிருஷ்ணா, பால்குனி என்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. இந்த ரகங்களின் விதையை விவசாயி எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

1. கதிர் வந்த வயலுக்குக் காலை 9 மணிக்குப் போங்கள். கதிரின் உச்சியில் பூக்கள் முதலில் திறக்கும். 6 மகரந்தப் பைகளையும் எண்ணிப் பாருங்கள்.

2. பூசணியில் பிஞ்சு வெம்பி விழுகிறதா? அதிகாலையில் ஆண் பூவைப் பறித்து, அதன் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பிஞ்சு நிற்கிறதா என்று பாருங்கள்.

3. பூக்கும் நேரத்தில், காலை வேளையில், மருந்து தெளிக்காதீர்கள்.

4. ஒரு கதிரில் எத்தனை மணி, எத்தனை பதர் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பயிர் பொதியில் இருந்தபோது தண்ணீர் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பட்டத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.

எழுதப் படிக்கக் கற்றதற்கு வயலிலும் பயன் உண்டு.